இது நிறைய பேருக்குத் தெரியாது

குறட்டை விடுகிறவர்களோடு ஒரே அறையில் படுத்துவிடலாம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து பல் குத்துகிறவர்களையும் ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் சகித்துக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து உங்கள் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது, முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் விட்டு, பிறகு நாக்கைத் தட்டி ஒரு சத்தம் எழுப்புகிற மனிதரை என்ன செய்வது? இந்த இனத்துக்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை. குறுக்குவழிக்காரர் என்று வைத்துக்கொள்வோம்.

இவரை அடையாளம் காண்பது எளிது. உட்கார மாட்டார். நாற்காலி போட்டாலும் நின்றுகொண்டுதான் இருப்பார், ஏனென்றால் தோளுக்கு மேலிருந்து பார்த்தால்தான் உங்கள் அறியாமை முழுசாகத் தெரியும். "உதவி வேணுமா?" என்று கேட்க மாட்டார். கேட்டால் நீங்கள் வேண்டாம் என்று சொல்லிவிடும் அபாயம் இருக்கிறது. சட்டென்று கை நீட்டி ஏதோ இரண்டு கீகளை ஒன்றாக அழுத்துவார். உங்கள் திரையில் ஏதோ ஒன்று மறையும், அல்லது நீங்கள் கேட்காத ஒன்று முளைக்கும். நீங்கள் திடுக்கிட்டுத் திரும்பும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். குழந்தையின் காதுக்குப் பின்னாலிருந்து காசு எடுத்துக் காட்டிய சித்தப்பாவின் சிரிப்பு. அப்புறம் அந்த வாக்கியம் வரும்.

"இது நெறைய பேருக்குத் தெரியாது."

கோவில்பதாகையில் குடியிருக்கும் ஜம்புலிங்கம் இந்த இனத்தில் நன்றாக விளைந்த ஒருவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்புக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறார். அவர் பார்வையில் ஸ்டோர்ஸ் என்பது பிழைப்புக்கு. கம்ப்யூட்டர்தான் பிறவிப் பயன். இதுவரை காப்பி எடுத்த அத்தனையும் வரிசையாக வந்து நிற்க எதை அழுத்த வேண்டும், தவறி மூடிய பக்கத்தைத் திரும்ப எப்படி எழுப்புவது, ஒரே திரைக்குப் பின்னால் இன்னொரு காலித் திரையை எப்படி உண்டாக்குவது, ஒரு ஃபோல்டருக்கு விசித்திரமாக ஒரு பெயர் வைத்தால் மெஷினின் அத்தனை செட்டிங்கும் எப்படி அதற்குள் வந்து விழும் என்று எல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருக்கின்றன. தினமும் காலையில் பட்டாபிராம் லோக்கலில் நின்றுகொண்டே புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டுவிடுவார். அம்பத்தூரில் இறங்கும்போது அவருக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். அதாவது, அதன் முன்னால் யாராவது உட்கார்ந்திருக்கிற கம்ப்யூட்டர்.

இத்தனை குறுக்குவழிகளில் மிச்சமாகும் நேரத்தை அவர் என்ன செய்கிறார் என்று கேட்பீர்கள். இன்னொரு குறுக்குவழி தேடுகிறார்.

அவருடைய ஸ்டாக் ரிப்போர்ட் மட்டும் எப்போதும் தாமதமாகத்தான் போகும். அது வேறு விஷயம்.

அந்த ஆபீஸில் கணக்குப் பார்க்கும் ஷர்மிளா ஒரு நாள் நாலைந்து பில்களைத் திரையில் பக்கம் பக்கமாகத் திறந்து வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஜம்புலிங்கம் பின்னால் வந்து நின்றார். மவுஸைப் பிடித்து ஒரு ஜன்னலின் தலையைக் கவ்வி இப்படியும் அப்படியுமாக உதறினார். மற்ற எல்லா ஜன்னல்களும் பொசுக்கென்று மறைந்தன.

"இன்னா சார் பண்ணீங்க? அல்லாம் பூட்ச்சு!"

"பயந்துக்காதம்மா. திரும்ப ஒருதபா ஆட்டு, வந்துரும். பாத்தியா? இது நெறைய பேருக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாமலே இருந்திருக்கலாம் சார்."

ஜம்புலிங்கம் இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். இந்த இனத்துக்குக் காது உண்டு. அதில் விழுவது வேறு.

பெண்கள் விஷயத்தில் அவர் மரியாதைக்காரர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கை பட்டுவிடக் கூடாது என்பதற்காக, முடிந்தவரை பேனாவால்தான் கீயை அழுத்துவார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு நீல பால்பாயிண்ட் பேனா இருக்கும். அதைக் கொண்டு அவர் எழுதி யாரும் பார்த்ததில்லை.

வீட்டில் நிலைமை எப்படி? மனைவி நாகவல்லி கம்ப்யூட்டர் பக்கமே போக மாட்டாள். பயத்தால் இல்லை, அனுபவத்தால். மாடி அறையை அவர் சிஸ்டம் ரூம் ஆக்கியிருந்தார். அந்த அறைக்குக் கதவு கிடையாது. கதவு இருந்தால் வைஃபை சிக்னல் குறைகிறது என்று கண்டுபிடித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றி மொட்டை மாடியில் சாத்திவிட்டார். இப்போது அங்கே தொங்குவது நாகவல்லியின் பழைய புடவையில் தைத்த ஒரு திரை. கதவு மழையில் ஊறிக்கொண்டிருக்கிறது. சிக்னல் முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது.

இப்போது எதிர்வீட்டு ராதிகாவுக்கு வருவோம்.

ராதிகா பூந்தமல்லியில் ஒரு பெரிய கடையில் பில்லிங் கவுண்டரில் நிற்கிறாள். நிற்கிறாள் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். கடை திறந்ததிலிருந்து மூடுகிற வரை நின்றபடிதான் பில் போட வேண்டும். ஊழியர்கள் உட்கார ஸ்டூல் வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வைத்திருந்தார்கள். அதன் மேல் கேரி பேக் கட்டுகள் அடுக்கியிருந்தன. சாயங்காலம் வீடு திரும்பினால் அவள் செருப்பைக் கழற்ற அம்மா ராணி உதவி செய்ய வேண்டியிருந்தது. கெண்டைக்கால் நரம்பு நீலமாகப் புடைத்துவிட்டிருந்தது. கல்யாணமாகாத பெண்ணுக்குக் கால் இப்படி ஆகலாமா என்று ராணி தினமும் தைலம் தேய்த்தாள்.

அந்தச் சமயத்தில்தான் சென்னீர்குப்பத்தில் ஒரு குடோன் கம்பெனியில் ஆபீஸ் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். சரக்குக் கணக்கை கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. சம்பளம் ஏறக்குறைய இதேதான். ஆனால் நாற்காலி உண்டு. ராதிகா விண்ணப்பித்ததே அந்த நாற்காலிக்காகத்தான். முதல் கட்டத்தில் தேறிவிட்டாள். இரண்டாவது கட்டம் ஞாயிறு காலை, வீட்டிலிருந்தே எழுதுகிற ஆன்லைன் தேர்வு. நிபந்தனைகள் கடுமையாக இருந்தன. கேமரா எரிந்துகொண்டே இருக்க வேண்டும். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. தேர்வுப் பக்கத்தை விட்டு வெளியே போனால் அதோடு முடிந்தது. ஒருவருக்கு ஒரு வாய்ப்புதான்.

அதற்கு இரண்டு நாள் முன்னால் தெருவில் மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டியவர்கள் ராணி வீட்டுப் பக்கத்து இன்டர்நெட் வயரையும் சேர்த்து அறுத்துவிட்டார்கள். திங்கட்கிழமைதான் ஆள் வருவான் என்றார்கள். போன் சிக்னல் அந்த வீட்டில் ஜன்னல் கம்பியோடு நின்றுவிடும். பிரௌசிங் சென்டருக்குப் போனால் அறையில் ஊரே இருக்கும். எதிர்வரிசையில் வயர் அறுபடாமல் இருந்தது ஒரே வீட்டில்தான்.

ராணி தயங்கித் தயங்கி ஜம்புலிங்கம் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, காலீல ஒரு ரெண்டு மணி நேரம் மேல் ரூமைக் குடுத்தா போதும். நீங்க எதுவும் செய்ய வேணாம். உள்ள வரக்கூட வேணாம்."

"இன்னா தங்கச்சி நீ, வேத்து ஆளாட்டம் பேசிக்கினு. லேப்டாப்ப மொதல்ல என்கைல குடு. ஸ்பீடு பண்ணித் தர்றேன். ஸ்டார்ட்டிங்ல தேவையில்லாததெல்லாம் ஓடிக்கினு இருக்கும். நெறைய பேருக்கு அது..."

"வேணாம் மாமா," என்றாள் பின்னால் நின்ற ராதிகா. லேப்டாப் பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். "அது மெதுவாவே ஓடட்டும்."

நாகவல்லி உள்ளேயிருந்து வந்தாள். "நீ வா ராதிகா. இந்த ஆளு அந்தப் பக்கம் வராம நான் பாத்துக்கறேன்."

ஜம்புலிங்கம் சிரித்தார். மனசுக்குள் கொஞ்சம் வலித்தது. வைத்தியரைத் தேடி வந்துவிட்டு நாடியைக் காட்ட மாட்டேன் என்கிறார்களே என்று நினைத்துக்கொண்டார். வைத்தியர் என்று அவரை யார் சொன்னது? அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை ராதிகா தலைக்குக் குளித்து, இஸ்திரி போட்ட சுடிதாரில் வந்தாள். கேமராவைச் சுற்றிலும் திருப்பி அறையைக் காட்டினாள். சுவர், ஜன்னல், புடவைத் திரை. அறைக்கு வெளியே நாகவல்லி முக்காலி போட்டு உட்கார்ந்து, முறத்தில் கொத்தவரங்காயைக் கொட்டிக்கொண்டு நறுக்க ஆரம்பித்தாள். ஜம்புலிங்கம் அதே மாடிக் கூடத்தில் பேப்பர் படித்தார். ஒரே பக்கத்தை வெகுநேரம் படித்தார்.

முதல் பகுதி முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. கடைசியில் ஒரு நீளமான அட்டவணை. ஒவ்வொரு சரக்குக்கும் எதிரே சரியான குறியீட்டைக் கொண்டுபோய்ப் போட வேண்டும். ராதிகா தனக்குத் தெரிந்த வழியில் செய்தாள். மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, காப்பியைத் தேடி, கிளிக் செய்து, கீழே போய், மறுபடி வலது பொத்தானை அழுத்தி, பேஸ்ட்டைத் தேடி, கிளிக் செய்து, அடுத்த வரிக்குப் போனாள். நிதானமாகப் போனாள். ஒன்றும் தப்பாகவில்லை. நேரமும் தாராளமாக இருந்தது.

அப்போது தெருமுனையிலிருந்து தண்ணி கேன்காரன் குரல் கொடுத்தான். பள்ளம் இருப்பதால் வண்டி உள்ளே வராது.

"நீ போய் வாங்கினு வா," என்றாள் நாகவல்லி தணிந்த குரலில்.

"இடுப்பு புடிச்சிக்கும்னு டாக்டர் சொல்லிக்கீறாரே."

நாகவல்லி அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். முறத்தை இறக்கி வைத்தாள். "அந்தத் திரையாண்ட போன... அவ்ளோதான் சொல்ட்டேன்." படியிறங்கிப் போனாள்.

ஜம்புலிங்கம் திரையாண்ட போகவில்லை. திரை இருக்கும் திசையில் கால் மாற்றி நின்றார், அவ்வளவுதான். காற்றில் திரை ஓரம் ஒதுங்கியது. இடுக்கில் ராதிகாவின் தோள் தெரிந்தது. தோளுக்கு மேலே லேப்டாப் திரையின் ஒரு மூலை தெரிந்தது. அந்த மூலையில், வலது பொத்தான் பட்டியல் விரிந்து மூடி, விரிந்து மூடிக்கொண்டிருந்தது.

அவர் பட்ட வேதனையை வார்த்தையில் சொல்ல முடியாது. அரிசியில் கல் பொறுக்குகிறவனைப் பார்த்துக்கொண்டே சல்லடையைக் கையில் வைத்திருப்பவனின் வேதனை அது. ஒரே ஒரு கன்ட்ரோல். ஒரே ஒரு டி. முழு வரிசையும் கீழே வரைக்கும் தானாக நிரம்பிவிடும். இந்தப் பெண் ஏன் இப்படிக் கஷ்டப்படுகிறாள்? ராதிகா கஷ்டப்படவில்லை என்பது அவர் புத்தியில் ஏறவில்லை. இந்த இனத்தின் கண்ணுக்கு மெதுவாக நடக்கும் எதுவும் வலியில் நடப்பதாகத்தான் தெரியும்.

இருமினார்.

ராதிகா திரும்பவில்லை.

"கன்ட்ரோல் டி," என்று கிசுகிசுத்தார்.

லேப்டாப்பில் மஞ்சளாக ஓர் எச்சரிக்கை வந்தது. அறையில் பேச்சுக்குரல் கேட்கிறது. ராதிகா திரும்பாமலே இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், போய்விடுங்கள் என்று விரல்களை ஆட்டினாள். ஜம்புலிங்கம் அதை, எந்த கீ என்று கேட்கிறாள் என்று புரிந்துகொண்டார். புடவைத் திரை விலகியது. சட்டைப் பையிலிருந்து நீலப் பேனா வெளியே வந்தது. கேமராவில் ராதிகாவின் முகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு முகம் வந்தது. கண்ணாடி போட்ட, ஆர்வம் வழிகிற முகம்.

அட்டவணை அப்படியே உறைந்தது. நடுவில் ஒரு பெட்டி திறந்தது. இரண்டாவது நபர் தென்படுகிறார். காரணத்தைக் கீழே எழுதவும். கண்காணிப்பாளர் ஏற்றுக்கொண்டால் தேர்வு தொடரும்.

அதாவது, இன்னும் எல்லாம் போய்விடவில்லை. ஏதோ ஓர் ஊரில் யாரோ ஒரு மனுஷன் உட்கார்ந்து படிக்கப்போகிறான். உண்மையைச் சொன்னால் ஒருவேளை ஏற்றுக்கொள்வான். ராதிகா ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடிக்க ஆரம்பித்தாள். எதிர்வீட்டு மாமா தெரியாமல் உள்ளே வந்துவிட்டார் என்று அவள் எழுத நினைத்தாள். 'எதிர்வீட்டு' வரைக்கும் வந்துவிட்டாள்.

"அய்யய்ய, இப்டித் தேடித் தேடி அடிச்சினு இருந்தா விடிஞ்சிரும் பாப்பா. விண்டோஸ் எச் அழுத்து. வாயால பேசு, அதுவே டைப் அடிச்சிக்கும்!"

"மாமா, தொடாதீங்க!"

"இது நெறைய பேருக்குத்..."

ஒரு விரலும் பேனாவும் ஒன்றாக இறங்கின. மேலே மைக் படம் போட்ட ஒரு சின்னப் பட்டை முளைத்தது. அதுதான் அவர் சொன்ன அதிசயம். உண்மையிலேயே முளைத்தது. அதே நொடியில் பின்னால் இருந்த பெட்டி போயிற்று, அட்டவணை போயிற்று, வெள்ளைப் பக்கத்தில் இரண்டு வரி வந்தது. தேர்வுப் பக்கத்தை விட்டு வெளியேறிவிட்டீர்கள். பங்கேற்றதற்கு நன்றி.

மைக் பட்டை மட்டும் போகவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எழுதிக்கொண்டு, பேசச் சொல்லிக் காத்திருந்தது.

நாகவல்லி இடுப்பில் கேனோடு படியேறி வந்தாள். கூடத்தில் பேப்பர் மட்டும் கிடந்ததைப் பார்த்தாள். புடவைத் திரை ஒதுங்கியிருந்ததைப் பார்த்தாள்.

"இன்னாய்யா பண்ணே?"

"நான் இன்னா பண்ணேன்? ஒரே ஒரு கீ. அந்த சாஃப்ட்வேர் சரியில்ல. ஒரு கீயத் தாங்க முடியல, இதெல்லாம் ஒரு சாஃப்ட்வேரா?"

"உன்னத் தாங்கிக்கினு இத்தினி வருசம் நான் கீறேனே, என்னத்தான் சொல்லணும்."

ராதிகா லேப்டாப்பை மூடினாள். சார்ஜரைச் சுருட்டினாள். அழவில்லை. பள்ளத்தின் மேல் போட்டிருந்த பலகையில் கால் வைத்து நடந்து எதிர்வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்ற ராணி மகளின் முகத்தைப் பார்த்தாள். மகளுக்கு முன்னால் குனிந்து செருப்பைக் கழற்றினாள்.

ஜம்புலிங்கம் பின்னால் மாடியிலிருந்து கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். "ராதிகா, ஆல்ட் டேப் போட்டிருந்தா திரும்பி உள்ள போயிருக்கலாம்மா! அடுத்ததபா ஞாபகம் வெச்சிக்கோ!"

அடுத்த தடவை என்று ஒன்று இல்லை. குடோன் கம்பெனிக்கு ராதிகா போன் போட்டாள், மெயில் போட்டாள். விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்று மரியாதையாகப் பதில் வந்தது. திங்கட்கிழமை ஜம்புலிங்கம் ஆபீஸில் ஷர்மிளாவிடம் இதைச் சொன்னபோது கதை வேறாக இருந்தது. ஒரு பெண்ணின் தேர்வு பாதியில் மாட்டிக்கொண்டது, இவர் ஓடிப்போய்க் காப்பாற்றப் பார்த்தார், கையில் இன்னும் அரை நிமிடம் கிடைத்திருந்தால் காப்பாற்றியிருப்பார். இந்தக் கதையை அவர் நம்பினார். இந்த இனத்தில் பொய்யர்கள் கிடையாது. அதுதான் பெரிய தொல்லை.

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர் பூந்தமல்லிக் கடைக்குச் சாமான் வாங்கப் போனார். எல்லாக் கவுண்டரிலும் கூட்டம். ராதிகா நின்ற வரிசையைத் தேர்ந்தெடுத்து நின்றார். தெரிந்த பெண், சீக்கிரம் விடுவாள். அவர் முறை வந்தது. ராதிகா தலை நிமிர்ந்து பார்த்தாள். சோப்பை எடுத்தாள், பீப் என்றது. உளுந்தை எடுத்தாள், பீப் என்றது. எண்ணெய் பாக்கெட்டின் கோடுகள் கசங்கியிருந்ததால் மெஷின் படிக்கவில்லை. அவள் பாக்கெட்டைக் கண்ணருகே கொண்டுபோய், எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்து அடிக்கத் தொடங்கினாள்.

ஜம்புலிங்கம் கவுண்டருக்கு மேல் எட்டிச் சாய்ந்தார். கை சட்டைப் பைக்குப் போயிற்று.

"பாப்பா, இந்த மெஷின்ல ஒரு..."

ராதிகா அடிப்பதை நிறுத்தினாள். அவரைப் பார்த்தாள். பிறகு ஓரத்தில் இருந்த 'கவுண்டர் மூடப்பட்டுள்ளது' பலகையை எடுத்து அவருக்கும் தனக்கும் நடுவில் வைத்தாள்.

"பக்கத்து கவுண்டர் போங்க மாமா."

"இன்னாம்மா, பாதி பில்லுல..."

"பக்கத்து கவுண்டர் போங்க."

வரிசையில் நின்றவர்கள் கத்தினார்கள். "யோவ் பெரிசு, உன்னாலதான்யா! இன்னாத்துக்கு உள்ள தலைய உட்டே?" தள்ளுவண்டிகள் முனகிக்கொண்டே அடுத்த வரிசைக்குத் திரும்பின. ராதிகா ஸ்டூலின் மேல் இருந்த கேரி பேக் கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். சூப்பர்வைசர் தூரத்திலிருந்து கை தட்டிக் கூப்பிட்டார். அவள் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். கால்களை நீட்டினாள். கண்ணை மூடினாள்.

ஜம்புலிங்கத்துக்குத் தாங்கவில்லை. யாருக்காக இவ்வளவும் செய்கிறோம்? பக்கத்து வரிசையின் கடைசியில் போய் நின்றார். அவருக்கு முன்னால் நின்றவர் போனில் ஏதோ எழுதி, தப்பாகிப்போய், ஒவ்வொரு எழுத்தாக அழித்துக்கொண்டிருந்தார். ஜம்புலிங்கம் ஓர் அடி முன்னால் நகர்ந்தார்.

இதைப் படித்துவிட்டு உங்களுக்குத் தெரிந்த ஒருவரை இந்நேரம் நினைத்திருப்பீர்கள். ஆபீஸில் ஒருவர், மச்சினன், மாடி வீட்டுக்காரர். எல்லாரும் யாரையாவது நினைக்கிறார்கள். ஜம்புலிங்கத்திடம் கேட்டால் அவரும் ஒருவர் பெயரைச் சொல்லுவார். நீங்கள் அப்படி இல்லைதான். ஆனால் நேற்று உங்கள் அம்மா தன் போனில் அக்காவின் நம்பரைத் தேடி, 'அ'விலிருந்து ஆரம்பித்து, பெயர்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அவருக்கு அவசரம் ஒன்றும் இருக்கவில்லையே, வழியில் வந்த பெயர்களையெல்லாம் வாய்விட்டுப் படித்து ஒவ்வொருவரையும் கொஞ்சம் நினைத்துக்கொண்டுதானே போனார்.

அப்புறம் அந்தப் போன் யார் கைக்கு வந்தது?